ஷ்மிர்லரின் ஆட்டங்களை முழுமையாகத் தாருங்கள்: கேர்லிங் கனடாவுக்கு ஒரு திறந்த மடல்

கேர்லிங் கனடா அமைப்பின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஒன்ராறியோவின் சிறு நகரம் ஒன்றில், பனித்தளத்தில் கற்களை வழுக்கி விட்டு ஆடும் கேர்லிங் ஆட்டத்துக்கான, நான்கு ஆடுதளங்கள் மட்டுமே உள்ள கிளப்பில் பதினொரு குளிர்காலங்களாக உறுப்பினராக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் அணியின் முதல் இரண்டு கற்களை விடுபவன்; சனிக்கிழமை காலைகளில் சிறுவர் பயிற்சிக்குக் கைகொடுப்பவன். இதற்கு மேல் எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை. இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். எங்கள் கிளப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வந்து, கண்ணாடிக்குப் பின்னால் காப்பிக் கோப்பையுடன் உட்கார்ந்து, நடப்பது இன்னதென்று முழுவதும் புரியாமலே இரண்டு மணி நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோர் சிலரும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் தமிழிலும் வெளியிடுகிறேன்.

சென்ற பருவத்தில் நடந்த சிறிய உரையாடல் ஒன்றே இம்மடலுக்குக் காரணம். தேசிய மகளிர் போட்டியான ஸ்காட்டிஸ் தொடரின் நிறைவில், பிளேஆஃப் என்னும் இறுதிக்கட்ட ஆட்டங்களின் சிறந்த வீராங்கனைக்கு நீங்கள் வழங்கும் விருது, 1990களின் கனடிய அணித்தலைவி சாண்ட்ரா ஷ்மிர்லர் பெயரில் இருப்பதை எங்கள் பயிற்சி வகுப்பில் யாரோ குறிப்பிட்டார்கள். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி உடனே, “புற்றுநோயில் இறந்தாரே, அவர்தானே?” என்று கேட்டாள். ஆம் என்றேன். “அந்த ஒரு ஷாட் போட்டவர்,” என்று இன்னொருத்தி சேர்த்துக்கொண்டாள். இரண்டும் உண்மை. ஆனால் மூன்று தேசியப் பட்டங்களும் மூன்று உலகப் பட்டங்களும் ஓர் ஒலிம்பிக் தங்கமும் கொண்ட ஒருவரின் ஆட்ட வாழ்க்கை, கால் நூற்றாண்டுக்குள் ஒரு மரணமாகவும் சில நொடிக் காட்சியாகவும் சுருங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் எடுத்துக் காட்ட என் கையில் ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் என்னை எழுத வைத்தது.

ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காக ஓரிரு வரிகள் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளத்தில், 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவான கருங்கல்லைச் சிறு சுழற்சி கொடுத்து வழுக்கி விட வேண்டும். மறுமுனையில் 3.66 மீட்டர் விட்டமுள்ள வட்டம் இருக்கும். அதை வீடு என்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு எட்டுக் கற்கள், ஆளுக்கு இரண்டு. சுற்றின் முடிவில் வீட்டின் மையத்துக்கு எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிடக் கிட்டத்தில் நிற்கும் கற்கள் மட்டுமே புள்ளியாகும். கல் போகும்போது இருவர் அதன் முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்த்தால் கல் தூரம் போகும், வளைவது குறையும். ஸ்கிப் எனப்படும் அணித்தலைவி வீட்டருகே நின்று துடைப்பத்தால் இலக்கைக் காட்டுவார். கடைசி இரண்டு கற்களைப் பெரும்பாலும் அவரே விடுவார். பத்துச் சுற்று முடியும்வரை, எந்தக் கல்லை அகற்றுவது, எதை விட்டுவைப்பது, எந்த அபாயத்தை இப்போது ஏற்பது என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஷ்மிர்லர் 1963இல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் பிக்கர் என்ற ஊரில் பிறந்தவர். சாஸ்கட்டூனுக்கு மேற்கே, ரயில் பாதையாலும் கோதுமையாலும் வளர்ந்த ஊர் அது. ‘நியூயார்க் பெரியது, ஆனால் இது பிக்கர்’ என்று ஊரின் பெயரை வைத்தே சிலேடை செய்து பலகை வைத்திருக்கும் குறும்பு அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. நிலம் உறைந்து வேளாண்மை ஓய்ந்திருக்கும் மாதங்களில் அந்தப் பக்கத்து ஊர்களில் மக்கள் கூடும் இடம் கேர்லிங் கூடம்தான். தாத்தாவும் பேத்தியும் ஒரே தளத்தில் ஆடுவார்கள், மாடியில் சூப் கொதிக்கும். ஷ்மிர்லர் அங்கே பழகி, பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்து, ரெஜைனா நகரில் வேலைக்குப் போனார். நீச்சல் குளம் கொண்ட நகராட்சிப் பொழுதுபோக்கு மையம் ஒன்றில் மேற்பார்வையாளர் பணி. உலகப் பட்டம் வென்று திரும்பியபின்னும் அவர் வேலைக்குப் போகும் பெண்ணாகவே இருந்தார். அந்த மையத்துக்கே இன்று அவர் பெயர் இருக்கிறது.

அவர் முதலில் தேசியப் போட்டிக்கு வந்தது தலைவியாக அல்ல. 1987இல் கேத்தி ஃபால்மன் தலைமையிலான சஸ்காச்சுவான் அணியில் ஆடினார். பிறகு ஜேன் பெட்கர், ஜோன் மக்கஸ்கர், மார்சியா குடரைட் ஆகிய மூவருடன் ரெஜைனாவின் கலிடோனியன் கிளப்பில் தன் அணியை அமைத்துக்கொண்டார். 1991இல் அந்த அணி சாஸ்கட்டூனில் நடந்த தேசியப் போட்டியில் ஆடியது, வெல்லவில்லை. வென்றது 1993இல், மனிற்றோபாவின் பிராண்டன் நகரில். அதே ஆண்டு ஜெனீவாவில் ஜெர்மனியை வென்று உலகப் பட்டம். மறு ஆண்டு, நடப்புச் சாம்பியன் என்ற முறையில் கனடா அணியாகத் தேசியப் போட்டிக்குத் திரும்பிப் பட்டத்தைத் தக்கவைத்து, ஓபர்ஸ்டார்ஃபில் ஸ்காட்லாந்தை வென்று மீண்டும் உலகப் பட்டம். 1995இலும் 1996இலும் தேசியப் பட்டம் வேறு அணிகளுக்குப் போயிற்று. 1997இல் வான்கூவரில் தேசியப் பட்டமும் பெர்ன் நகரில் நார்வேக்கு எதிராக உலகப் பட்டமும் மறுபடி வந்தன.

இந்த இடத்தில் உங்கள் பதிவேடுகளைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1993, 1994 ஆண்டுகளின் முடிவுப் பட்டியல்களில் ‘சாண்ட்ரா ஷ்மிர்லர்’ என்று தேடும் பிள்ளை ஏமாந்து போகும். அப்போது அவர் முதல் திருமணத்தின் பெயரில் சாண்ட்ரா பீட்டர்சன். 1991இன் பட்டியலிலோ ஜோன் மக்கஸ்கர் ஜோன் இங்லிஸாகவும், மார்சியா குடரைட் மார்சியா ஷிமிலாகவும் இருக்கிறார்கள். பெட்கர் ஒருவர்தான் பெயர் மாறாமல் நிற்கிறார். அப்பா பெயரின் முதலெழுத்தை எடுத்துவிட்டுக் கணவர் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்ட பெண்கள் பள்ளிச் சான்றிதழுக்கும் கடவுச்சீட்டுக்கும் நடுவே படும் பாட்டை எங்கள் வீடுகளில் பார்த்தவன் என்பதால் இது என் கண்ணில் உடனே பட்டது. ஆண்கள் அணிகளின் வரலாற்றைத் தொகுப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மகளிர் ஆட்டத்தைப் பொறுத்தவரை, பெயர்களை இணைத்துக் காட்டாத எந்தப் பட்டியலும் ஒரே அணியை இரண்டாக வெட்டிப் போட்டுவிடுகிறது. முதலில் வென்ற அணி வேறு, பிறகு வென்ற அணி வேறு என்று புதிதாகப் பார்ப்பவர் நினைத்துக்கொள்கிறார். நால்வரும் அதே நால்வர்தான் என்பதல்லவா இந்தக் கதையின் நடுநாடி!

இனி, எல்லோரும் அறிந்த அந்த ஷாட். 1997 நவம்பர் இறுதியில், நான்கு ஆண்டுகளுக்கு முன் முதல் பட்டம் வென்ற அதே பிராண்டனில், ஒலிம்பிக் தகுதிப் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் எதிரே ஷானன் கிளைப்ரிங்கின் அணி. பின்னாளில் 2006 டூரின் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர், சாதாரணமானவர் அல்லர். ஏழாவது சுற்றில் ஷ்மிர்லர் விட்ட கல், வீட்டுக்கு வெளியே நின்ற ஒரு கல்லில் மெல்லியதாகப் பட்டுத் திசை திரும்பி, உள்ளே போய், நடுவில் புள்ளிக்கு நின்ற எதிரணிக் கல்லை அகற்றியது. மூன்று புள்ளிகள். ஆட்டத்தை 9–6 என்று ஷ்மிர்லர் அணி வென்றது. அந்தக் காட்சியை நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

என்றாலும், பயிற்சி தருபவனாக அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டத் தயங்குகிறேன். அந்தக் கல் மட்டும் தெரிந்தால் அது அதிர்ஷ்டம் போலவோ, பிறவி மேதையின் மந்திரம் போலவோ தோன்றுகிறது. அப்படி ஒரு கோணம் அங்கே கிடைத்ததற்கு அந்தச் சுற்றில் அதற்கு முன் விடப்பட்ட எல்லாக் கற்களும் காரணம். வெளியே ஒரு கல் நின்றது எதனால், யார் அதை அங்கே வைத்தார்கள், யார் அதை அகற்றாமல் விட்டார்கள், எளிய வழி ஏதும் இருந்ததா, இருந்தும் வேண்டாம் என்றார்களா, முந்தைய ஆறு சுற்றுகளில் அந்தப் பக்கத்துப் பனி எப்படி வளைந்தது என்பதை அவர்கள் எவ்வாறு அறிந்து வைத்திருந்தார்கள் என்பனவே ஓர் இளம் ஸ்கிப் கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றுக்கு விடை அந்தச் சில நொடிகளில் இல்லை. முழு ஆட்டத்தில் இருக்கிறது.

கேர்லிங் ஒளிபரப்புக்கு வேறு ஆட்டங்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஆடுபவர்கள் மைக் அணிந்திருப்பார்கள். தலைவியும் மூன்றாம் ஆட்டக்காரரும் வீட்டின் நடுவே நின்று பேசுவது நமக்குக் கேட்கும். கால்பந்திலோ கிரிக்கெட்டிலோ, தலைவர் என்ன நினைத்தார் என்பதைப் பிறகு அவரே சொன்னால்தான் உண்டு. கேர்லிங்கில் அந்த யோசனை ஆட்டத்தோடு சேர்ந்தே பதிவாகிவிடுகிறது. ஆகவே ஷ்மிர்லரின் ஓர் ஆட்டத்தின் முழு ஒளிப்பதிவு என்றால், அவரும் மூன்றாம் ஆட்டக்காரரான பெட்கரும் எப்படிக் கருத்து வேறுபட்டு எப்படி உடன்பட்டார்கள், தேய்த்துக்கொண்டு வரும் மக்கஸ்கரும் குடரைட்டும் கல்லின் வேகத்தைப் பற்றிச் சொன்னதை அவர் எந்த அளவுக்கு நம்பினார் என்பதன் பதிவும் ஆகும். வாழ்க்கை வரலாறு எழுதுபவர்களுக்குக் கிடைக்காத பேறு இது. அதை நாடாச் சுருள்களுக்குள் விட்டுவைப்பது எனக்கு ஆகாத காரியமாகத் தெரிகிறது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் கனடாவின் உள்நாட்டுப் போட்டிகளில் மூன்று கல் விதியும், உலகப் போட்டிகளில் நான்கு கல் விதியும் இருந்தன. வீட்டுக்கு முன்னால் நிறுத்தப்படும் எதிரணியின் காவல் கல்லை, முதல் விதிப்படி நான்காவது கல்லாலேயே தட்டி வெளியே தள்ளலாம். இரண்டாவது விதிப்படி ஐந்தாவது கல் வரும்வரை அதைத் தொடக்கூடாது. ஒரே ஒரு கல் வித்தியாசம்தானே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அந்த ஒரு கல், சுற்று முழுவதும் முன்புறத்தில் எத்தனை கற்கள் குவியும் என்பதை மாற்றிவிடுகிறது. முதல் கற்களை விடும் குடரைட்டின் வேலையே மாறிப்போகிறது. பிப்ரவரியில் ஒரு விதியில் நாட்டுப் பட்டத்தை வென்று, சில வாரங்களில் ஐரோப்பா போய் வேறு விதியில் உலகப் பட்டத்தை வெல்வது என்றால், ஆட்ட அறிவையே இரண்டு மொழிகளில் வைத்திருப்பது போல. இரண்டு வகை ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால், என்னைப் போல் முதல் கல் விடுபவர்கள் ஒரு பருவம் முழுவதும் அதிலிருந்தே பாடம் எடுக்கலாம். முதல் கல் விடுபவரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை என்ற சொந்த மனக்குறையும் இதில் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

1998 பிப்ரவரி. நாகானோ ஒலிம்பிக்கின் கேர்லிங் ஆட்டங்கள் கருயிசாவாவில் நடந்தன. 1988இலும் 1992இலும் காட்சிப் போட்டியாக மட்டும் இருந்த மகளிர் கேர்லிங்குக்கு முதன்முறையாக முறையான பதக்கம் அறிவிக்கப்பட்டிருந்தது. கனடா முதல் கட்டத்தில் ஏழில் ஆறு ஆட்டங்களை வென்றது. அரையிறுதியில் பிரிட்டன் அணி அவர்களைக் கூடுதல் சுற்று வரை இழுத்துச் சென்றது. 6–5 என்று தப்பினார்கள். இறுதியில் டென்மார்க்கை 7–5 என்று வென்றார்கள். டென்மார்க்குக்கு அந்த வெள்ளிதான் குளிர்கால ஒலிம்பிக்கின் முதல் பதக்கம் என்பதால் தோற்றவர்களுக்கும் அன்று திருநாள். மாற்று ஆட்டக்காரராக உடன் சென்றவர் அடீனா ஃபோர்ட். அணியின் பயிற்றுநர் அவருடைய தாய் அனிட்டா ஃபோர்ட். தாயும் மகளுமாக இருவர் ஓர் ஒலிம்பிக் தங்கத்தில் பங்கு பெற்ற செய்தியை எங்கள் கிளப்பில் நான் சொன்னபோது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நாடு திரும்பிய கையோடு, ஓய்வுகூட இல்லாமல், சொந்த ஊரான ரெஜைனாவிலேயே நடந்த தேசியப் போட்டியில் அவர்கள் களமிறங்கினார்கள். ஒன்ராறியோவின் கேத்தி போர்ஸ்டின் அணி அந்தப் பட்டத்தை வென்றது. தங்கப் பதக்கத்தோடு முடியும் கதைகளில் இந்த வாரம் எப்போதும் விடுபட்டுவிடும். எனக்கோ அந்தப் போட்டியின் ஆட்டங்களைத்தான் முதலில் பார்க்க ஆசை. களைத்துப்போன ஒரு சிறந்த அணி, தன் ஊர்க்காரர்கள் முன்னால், எதை எதை விட்டுக்கொடுத்தது, எதில் பிடிவாதமாக நின்றது என்பதை வென்ற ஆட்டங்களில் பார்க்க முடியாது.

பிராண்டன் தகுதிப் போட்டிக்கு இரண்டு மாதங்களுக்கு முன், செப்டம்பரில்தான், அவருக்கு முதல் மகள் பிறந்திருந்தாள். இதைப் பலரும் வியப்பாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு வியப்பைவிட விவரம் வேண்டும். கைக்குழந்தையுடன் ஓர் அணி எப்படிப் பயிற்சி நேரத்தை வகுத்துக்கொண்டது? ஆட்டங்களுக்கு நடுவே குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்? மற்ற மூவரும் தங்கள் வேலையையும் வீட்டையும் எப்படி நகர்த்தி வைத்தார்கள்? 2021இல் இன்னோர் அணித்தலைவியான ரேச்சல் ஹோமன் எட்டு மாதக் கர்ப்பிணியாகத் தேசியப் போட்டியின் இறுதியாட்டம் வரை வந்ததை நாடே பார்த்தது. இன்று ஆடும் தாய்மாருக்கும் நாளை ஆடப்போகும் பெண்களுக்கும், முன்னே சென்றவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்ற நடைமுறை அறிவு தேவை. அது எந்தக் கோப்பிலும் இருக்காது. சம்பந்தப்பட்டவர்களின் நினைவில்தான் இருக்கும்.

1999இல் இரண்டாவது மகள் பிறந்த சில மாதங்களில் நோய் கண்டறியப்பட்டது. 2000 பிப்ரவரியில், உடல் தளர்ந்த நிலையிலும், மாங்க்டனில் நடந்த இளையோர் தேசியப் போட்டிக்குத் தொலைக்காட்சி வர்ணனையாளராக வந்து அமர்ந்தார். மார்ச் 2 அன்று காலமானார், வயது 36. இறுதிச் சடங்கு நாடு முழுவதும் நேரலையாக ஒளிபரப்பானது. ஒரு கேர்லிங் வீராங்கனைக்காக நாடு அப்படி நின்றது அதற்கு முன் இல்லை. அந்தத் துயரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் பெயரில் 2001 முதல் இயங்கும் அறக்கட்டளை, குறைமாதத்திலும் நோயுடனும் பிறக்கும் குழந்தைகளுக்காக மருத்துவமனைகளுக்குக் கருவிகள் வாங்கித் தந்துவருகிறது. அந்தத் துயரம் அங்கே நற்பணியாகிவிட்டது. அப்பணியை அறக்கட்டளை செவ்வனே பார்த்துக்கொள்கிறது. ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நீங்கள்.

ஆகவே என் கோரிக்கை இது. ஷ்மிர்லர் அணி 1991 முதல் 1998 வரை ஆடிய தேசிய, உலக, தகுதிச் சுற்று, ஒலிம்பிக் ஆட்டங்களில் ஒளிப்பதிவு எஞ்சியிருக்கும் அனைத்தையும் ஒரே இடத்தில், முழு நீளத்தில், எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி திறந்து வையுங்கள். ஒளிபரப்பு உரிமைகள் தொலைக்காட்சி நிறுவனங்களிடமும் உலகக் கூட்டமைப்பிடமும் ஒலிம்பிக் குழுவிடமும் பிரிந்து கிடக்கும் என்பதை அறிவேன். கிளப் உறுப்பினர் ஒருவர் அவர்கள் கதவைத் தட்டினால் திறக்காது. நீங்கள் தட்டினால் திறக்க வாய்ப்புண்டு. பொழுதுபோக்காக வெட்டித் தொகுக்கப்பட்ட சிறப்புக் காட்சிகள் எங்களுக்கு வேண்டாம். சுற்று வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லையும் யார் விட்டார் என்று குறித்து, நால்வரின் எல்லாப் பெயர்களையும் இணைத்துத் தேடும் வசதியோடு கொடுங்கள். அந்தக் குறிப்பெடுக்கும் வேலைக்கு ஆள் இல்லை என்றால், நாடெங்கும் உள்ள கிளப்புகளில் என்னைப் போன்ற பொழுதும் பொறுமையும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பனி உருகி, கூடம் மூடிக்கிடக்கும் மே முதல் செப்டம்பர் வரை எங்களுக்கு வேறு என்ன வேலை?

இதைவிடவும் அவசரமானது ஒன்று உண்டு. பெட்கர், மக்கஸ்கர், குடரைட் மூவரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, அந்த ஆட்டங்களைப் போட்டுக் காட்டி, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். தேர்ந்த நெறியாளர் கேள்வி கேட்க, அவர்கள் பதில் சொல்லும் வழக்கமான பேட்டியாக அது இருக்கக் கூடாது. ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி, “இந்தக் கல்லை ஏன் இங்கே வைத்தோம்” என்று அவர்கள் தங்களுக்குள் வாதாடட்டும். பெட்கர் பிறகு தானே தலைவியாகி 2007இல் தேசிய இறுதியாட்டம் வரை அணியைக் கொண்டுவந்தவர். மக்கஸ்கர் தொலைக்காட்சியில் ஆட்டத்தை விளக்கிப் பழகியவர். விளக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். அடீனா ஃபோர்ட், அனிட்டா ஃபோர்ட் ஆகியோரின் பக்கமும் அதில் சேரட்டும்.

இந்தப் பேச்சு முக்கியம் என்று நான் நினைப்பதற்கு இன்றைய நிலைமையும் ஒரு காரணம். ஓர் ஒலிம்பிக் சுழற்சி முடிந்ததும் அணிகள் கலைந்து, புதிய கூட்டணிகள் அறிவிக்கப்படும் காலம் இது. 2022 வசந்தத்தில் அடுத்தடுத்து வந்த அந்த அறிவிப்புகளைப் படித்துத் தலை சுற்றியது. தொழில்முறையில் ஆடுபவர்கள் தங்களுக்கு நல்லது எதுவோ அதைச் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் இரண்டு ஆண்டுகள் பட்டமே இல்லாமல் போனபோதும் இந்த நால்வரும் பிரியவில்லை. அந்த இடைவெளியில் அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், பிரிவதைப் பற்றி யோசித்தார்களா, எதை மாற்றினார்கள் என்று கேட்க விரும்பும் இளம் அணிகள் எங்கள் கிளப்பில் மட்டுமே இரண்டு இருக்கின்றன. அவற்றில் ஒன்று, மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றதற்காக ஆளை மாற்றலாமா என்று சென்ற மாதம்தான் கூடிப் பேசியது.

விருது வழங்கும் தருணத்தைப் பற்றியும் ஒரு சொல். அரங்கம் நிறைந்திருக்க, இலட்சக்கணக்கானோர் வீட்டில் பார்த்திருக்க, ஷ்மிர்லரின் பெயர் ஆண்டுக்கு ஒருமுறை உரக்கச் சொல்லப்படுகிறது. அந்த நேரத்தில் திரையில் ஒரு நிமிடம் அவர் ஆடுவதைக் காட்டுங்கள். பிராண்டன் ஷாட்டாக இல்லாமல், ஆண்டுக்கு ஒரு புதுக் கல்லாக இருக்கட்டும்: ஒரு முறை மென்மையாக வந்து நடுவில் அமரும் கல், மறுமுறை அவர் பெட்கரின் யோசனையைக் கேட்டுத் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்ட ஒரு தருணம், இன்னொரு முறை தவறவிட்ட கல்லும் அதற்கடுத்த சுற்றில் அவர் அதை ஈடுகட்டிய விதமும். பெற்றுக்கொள்ளும் வீராங்கனைக்கும் தான் யாருடைய பெயரைக் கையில் வாங்குகிறோம் என்பது அப்போது தெரியும்.

கனடிய அணித்தலைவி ஜெனிஃபர் ஜோன்ஸ் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் வென்றதும், ஹோமன் 2017இல் உலகப் போட்டியில் பதின்மூன்று ஆட்டங்களையும் வென்றதும் இணையக் காலத்தில் நடந்தவை. அவற்றை எங்கள் பிள்ளைகள் கைபேசியிலேயே பார்த்துக் கல் கல்லாக விவாதிக்கிறார்கள். ஷ்மிர்லரின் உலகப் பட்டங்கள் அதற்குச் சில ஆண்டுகள் முந்திவிட்டன, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்றால், 1993 பிராண்டன் இறுதியாட்டத்திலிருந்து தொடங்குங்கள். சாண்ட்ரா பீட்டர்சன் என்ற பெயரில் அவர் மனிற்றோபா அணியை எதிர்கொண்ட ஆட்டம் அது. எங்கள் பயிற்சி வகுப்பு அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை தொடங்குகிறது. மாடியில் ஒரு பெரிய தொலைக்காட்சி இருக்கிறது. அந்தக் கேள்வி கேட்ட சிறுமிக்கு இந்தப் பருவத்தில்தான் முதல்முறையாக அணித்தலைவியின் துடைப்பத்தைக் கொடுக்கப்போகிறோம். முதல் வகுப்பில் பனியில் இறங்குவதற்கு முன் அந்த ஆட்டத்தைப் பத்துச் சுற்றும் போட்டுக் காட்ட விரும்புகிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். குறிப்பெடுக்கும் பணிக்கு ஆள் வேண்டுமெனில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளி இரவு ஆட்டத்தில் முதல் கல் விடும் ஒரு கிளப் உறுப்பினன்,
ஒன்ராறியோ